தேநீர்க் கோப்பையில் தோன்றிய ஜீவன்

"டீ குடிச்சாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"குடிக்கலைங்க. வாயில ஒரு சொட்டு தண்ணிகூட படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அது டாக்டருக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம். ரெண்டு நாளா டீ வாங்கலை. அப்ப ஆள் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"இதோ, உங்க கண்ணு முன்னாடி படுத்திருக்காரேம்மா."

"நான் பார்க்கிறேங்க. நான் பார்த்து என்ன ஆகப்போகுது, ஜீவன் பார்க்கணுமே."

இந்த உரையாடலைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் அறிவியல் தெரியாதவர்கள். பூமியில் உயிர் தோன்றி எத்தனையோ கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த நெடிய பயணத்தின் சிகரங்கள் என்று மூன்றைச் சொல்லலாம். கழுகின் கண், தும்பியின் சிறகு, எங்கள் மருத்துவமனையின் மென்பொருள். மூன்றையும் யாரும் திட்டமிடவில்லை. மூன்றும் தாமாக, சின்னஞ்சிறிய ஒன்றிலிருந்து, படிப்படியாக வளர்ந்தவை. கழுகும் தும்பியும் இதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. எங்கள் துறைத் தலைவர் ஆற்றுகிறார். அந்த மென்பொருளுக்கு 'ஜீவன்' என்று பெயர் வைத்தவரும் அவரே.

மேற்படி உரையாடல் எங்கள் சேர்க்கைக் கவுன்டரில் காலை ஒன்பதே காலுக்கு நடந்தது. கேள்வி கேட்டவர் கவுன்டர் அம்மா. பதில் சொன்னவர் நகரப் பேருந்து ஓட்டும் ஒரு பெண். காலை ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சீருடையோடு வந்திருந்தார். தூணுக்குப் பக்கத்தில் சக்கரக் கட்டிலில் படுத்திருந்தவர் அவருடைய அப்பா. பதினான்காம் எண் படுக்கையிலிருந்து அப்போதுதான் இறக்கப்பட்டிருந்தார், ஏனென்றால் ஜீவனின் கணிப்பில் அந்தப் படுக்கை காலி. பித்தப்பை சீழ் பிடித்து வீங்கியிருந்தது. இன்று மதியத்துக்குள் எடுக்காவிட்டால் உள்ளேயே வெடித்துவிடும் என்று அறுவை டாக்டர் சொல்லியிருந்தார். அறுவை பதினொரு மணிக்கு. டாக்டர் தயாராக இருந்தார். தியேட்டர் கதவுதான் தயாராக இல்லை. நோயாளியின் கைப்பட்டையைக் காட்டினால்தான் அது திறக்கும். ஜீவனில் இல்லாத ஒருவரின் கைப்பட்டையை அது ஏன் மதிக்கப் போகிறது?

"மறுபடி புதுசா சேர்த்துக்கங்க" என்றார் மகள்.

"தாராளமா. புதுசா சேர்றவங்களுக்கு இருபத்திமூணு நாள் கழிச்சு தியேட்டர். போடட்டுமா?"

நான் கணினித் துறையில் வேலை பார்க்கிறவன். அன்று பதினொரு மணிக்கு எங்கள் அரங்கில் தலைவர் நிகழ்த்தவிருந்த 'தானே தோன்றியது' என்ற சொற்பொழிவை எழுதிக் கொடுக்கும் பெரும்பேறு எனக்கு வாய்த்திருந்தது. எழுதிய உரைக்கு உயிரோட்டம் வேண்டும் என்று அவர் சொன்னதால், நோட்டோடு கவுன்டருக்குப் பக்கத்தில் நின்று உயிரோட்டம் சேகரித்துக்கொண்டிருந்தேன்.

ஜீவனின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொற்பொழிவில் நாற்பது நிமிடம் வருகிறது.

தொடக்கத்தில் பன்னிரண்டு வரிகள்தான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் மருந்துக் கிடங்கில் பதினாறு பேர் வேலை பார்த்தார்கள். யாருக்குப் பால் கூட, யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யார் இன்று லீவு. இதைக் குழப்பமில்லாமல் டீ கொண்டுவருகிறவரிடம் சொல்வதற்காக, கிடங்கின் பழைய கணினியில் அந்த வரிகள் தோன்றின. 'தோன்றின' என்பதைக் கவனிக்கவும். 'எழுதப்பட்டன' என்று சொல்வது எங்கள் துறையில் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை.

பக்கத்து அறையில் துணிக் கிடங்கு. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போயிருக்கிறது என்று தெரியாமல் அவர்கள் திண்டாடினார்கள். டீ பட்டியலை அப்படியே நகல் எடுத்து, 'கோப்பை' என்ற இடத்தில் 'விரிப்பு' என்று மாற்றிக்கொண்டார்கள். விரிப்பு இருக்கும் இடத்தில் படுக்கை இருக்கும், படுக்கை இருக்கும் இடத்தில் நோயாளி இருப்பார் என்ற ஆழ்ந்த உண்மையை அடுத்து வந்த அதிகாரி கண்டுபிடித்தார். இன்னொரு நகல். பிறகு சமையலறை, ஆய்வகம், பிரசவ வார்டு, தியேட்டர், லிஃப்ட். இன்று ஜீவனில் நான்கு லட்சம் வரிகள். அவற்றின் அடியில், மலைக்குக் கீழே கிடக்கும் கூழாங்கல் மாதிரி, அந்தப் பன்னிரண்டும் அப்படியே இருக்கின்றன.

நகல் எடுத்தவர்கள் சில இடங்களில் வார்த்தையை மாற்ற மறந்துவிட்டார்கள். மனிதனுக்கு வால் போனாலும் வாலெலும்பின் மிச்சம் இருக்கிறதல்லவா, அதுபோல. எங்கள் மருத்துவமனையில் குழந்தை பிறந்தால், 'புதிய கோப்பை ஒன்று சேர்க்கப்பட்டது' என்று சீட்டு வரும். இதயப் பிரிவில் ஒவ்வொரு நோயாளியிடமும் ஜீவன் இன்றும் 'ஸ்ட்ராங்கா, லைட்டா?' என்று கேட்கிறது. அந்தப் பதில்தான் நாடித்துடிப்பாகப் பதிவாகிறது. யாராவது இறந்துபோனால், 'கோப்பை திரும்பப் பெறப்பட்டது' என்று குடும்பத்துக்குச் சீட்டு கொடுக்கிறோம். ஆரம்பத்தில் சில குடும்பத்தார் சண்டைக்கு வந்தார்கள். இப்போது யாரும் வருவதில்லை. சூழலுக்குத் தங்களைத் தகவமைத்துக்கொண்டுவிட்டார்கள்.

தலைவருக்கு மிகப் பிடித்த விலங்கு ஒட்டகச்சிவிங்கி. அதன் மூளையிலிருந்து குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு, சாண் தூரத்தைக் கடப்பதற்காகக் கழுத்து முழுக்கக் கீழே இறங்கி, இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கழுத்து முழுக்க மேலே ஏறுகிறதாம். மீனாக இருந்த காலத்தில் அது நேர்வழியாக இருந்தது. கழுத்து நீண்டபோது நரம்பும் கூடவே நீண்டுவிட்டது. ஜீவனிலும் ஒரு நோயாளியின் பெயர் கவுன்டரிலிருந்து தியேட்டருக்குப் போக வேண்டுமென்றால், கீழே டீ பட்டியல் வரை இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே வர வேண்டும். தலைவர் இதைச் சொல்லும்போது அவர் கண்கள் பனிக்கும். அவர் காதில் விழாத தூரத்தில் நாங்கள் அவரைச் 'சிவிங்கி சார்' என்போம்.

எதையும் அழிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அதற்குக் காரணமும் உண்டு. ஒருமுறை எங்களில் ஒருவர், 'ஞாயிறு டீ கிடையாது' என்ற வரியைத் தேவையில்லை என்று எடுத்துவிட்டார். அன்று மதியத்திலிருந்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்பதில்லை. பதறிப்போய் வரியைத் திரும்பப் போட்டார். லிஃப்ட் மனம் மாறவில்லை. அந்த ஊழியர் வேறு துறைக்கு மாற்றப்பட்டார். மூன்றாவது மாடியிலாம், அதனால் நாங்கள் அவரைப் பார்ப்பதில்லை. எங்கள் பதினோரு மேசைகளிலும் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது: 'தொடாதீர். இதற்கு உயிர் இருக்கிறது.'

ஒன்பதே முக்காலுக்கு அந்த மகளை அழைத்துக்கொண்டு தலைமை நர்ஸ் எங்கள் துறைக்கு வந்தார். தலைவர் புதுச் சட்டையில், தன் உரையை முணுமுணுத்தபடி நடந்துகொண்டிருந்தார்.

"சார், பதினாலாம் படுக்கை ஆளை ஜீவன் எடுத்துடுச்சு" என்றார் நர்ஸ். "பட்டினி போட்ட ஆளுங்களுக்கு நாங்களே டீ வாங்கின மாதிரி ஸ்கிரீன்ல கோப்பைப் படத்தை அமுக்கிடுவோம் சார். இத்தனை வருஷமா அப்படித்தான் ஓடுச்சு."

"வந்த டீயை என்ன செய்தீர்கள்?" தலைவர் பேசும்போதும் அச்சிட்ட மாதிரியே பேசுவார்.

"ஜன்னல்ல ஒரு பூந்தொட்டி இருக்கு, அதுல ஊத்திடுவோம். ஒரு நாளைக்கு ஏழெட்டு டீ குடிக்கும். நல்லாத்தான் இருக்கு."

"அற்புதம். கூட்டுவாழ்வு" என்று என் பக்கம் திரும்பினார். "குறித்துக்கொள்."

குறித்துக்கொண்டேன்.

"போன வெள்ளிக்கிழமை நீங்க மயக்க மருந்துப் பிரிவை டீ பட்டியலோட சேர்த்தீங்கள்ல சார். அதுலேர்ந்து, டீன்னு போட்டா 'வயிற்றில் டீ உள்ளது, இரண்டு நாள் பட்டினி தேவை'ன்னு தியேட்டர் கதவை மூடிடுது. டீ போடாம விட்டா ரெண்டாவது நாள் ஆளே இல்லைங்குது."

"மயக்கம் குடுக்க எதுக்குங்க ரெண்டு நாள்?" என்று கேட்டார் மகள். "ஒரு ராத்திரி போதும்னு டாக்டரே சொல்றாரு."

நியாயமான கேள்வி. பட்டினி எவ்வளவு நேரம் என்று யாரும் டாக்டரைக் கேட்கவில்லை. டீ பட்டியலின் ஒரு பகுதியை நகல் எடுத்தபோது அதிலிருந்த 'இரண்டு நாள்' கூடவே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆக, ஒரு மனிதன் எந்த நிமிடத்தில் அறுவைக்குத் தகுதி பெறுகிறானோ, அதே நிமிடத்தில் இல்லாமலும் போகிறான். இந்த இரண்டையும் இவ்வளவு துல்லியமாக ஒரே புள்ளியில் சந்திக்க வைக்கத் திட்டமிட்டுச் செய்தால்கூட முடியாது.

"இது பிழை அல்ல" என்றார் தலைவர், மென்மையாக. "இரண்டு உறுப்புகள் ஒன்றையொன்று கண்டுகொண்டிருக்கின்றன. இப்போதுதான் சமநிலைக்கு வருகின்றன. இயற்கையில் இதற்குச் சில ஆயிரம் தலைமுறைகள் பிடிக்கும். நாம் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள மாட்டோம்."

"எங்கப்பாவுக்கு மதியம் வரைக்கும்தான் சார் டைம்."

"இந்த வாரம் இதே மாதிரி நாலு பேர் சார்" என்றார் நர்ஸ். "மூணு பேர் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க."

"இடப்பெயர்வு. பறவைகளும் செய்கின்றன."

"இவரால போக முடியாது. இந்த ஆபரேஷன் செய்யற அடுத்த ஆஸ்பத்திரிக்கு மூணு மணி நேரம். வழியிலேயே வெடிச்சிடும்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு குழு அமைக்கலாம் என்றார். குழுவின் முதல் கூட்டம் வியாழக்கிழமை. அன்று திங்கள்.

மகள் நாற்காலியில் உட்காரவில்லை. மேசையில் ஒட்டியிருந்த அட்டையை ஒருமுறை படித்தார். "நான் பஸ் ஓட்டுறேன் சார். பிரேக் பிடிக்கலைன்னா ஓரமா நிறுத்திட்டு இறங்கிடுவேன். வண்டி வளர்ந்துட்டு இருக்கு, பொறுத்துக்கங்கன்னு பயணிங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"பேருந்தை ஒருவர் வடிவமைத்திருக்கிறார் அம்மா. அதனால்தான் அது பேருந்தாகவே நின்றுவிட்டது. இது அப்படியல்ல. இதை யாரும் எழுதவில்லை."

"எங்கப்பாதான் எழுதினாரு."

அறையில் தட்டிக்கொண்டிருந்த பத்து விசைப்பலகைகளும் ஒரே நேரத்தில் நின்றன.

"அவர் இங்க மருந்துக் கிடங்குல இருந்தவருங்க. ரிட்டயர் ஆகி எட்டு வருஷம். டீ பட்டியல் அவர் போட்டது. நோட்டுகூட இருக்கு." பையிலிருந்து ஓர் அட்டை கிழிந்த நோட்டை எடுத்தார். இரும்பு ஆணியில் மாட்டிவைத்த துளை மூலையில் தெரிந்தது. பென்சிலில் பன்னிரண்டு வரிகள், எண் போட்டு. ஏழாவது வரிக்குக் கீழே அடிக்கோடு: 'இரண்டு நாள் டீ வாங்காதவர் ஆள் இல்லை.'

தலைவரின் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தானே தோன்றியது என்று நிரூபிக்க இன்னும் ஒரு மணி நேரமே இருக்கும்போது, படைத்தவர் கீழ்த்தளத்தில் தூணுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்ற செய்தி ஓர் அறிவியலாளரை எவ்வளவு புண்படுத்தும்! எந்த உயிரியல் அறிஞருக்கும் இந்தச் சோதனை வந்ததில்லை. ஆனால் அவர் பெரிய மனிதர். நோட்டை இரண்டு கைகளாலும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"புதைபடிவம்" என்றார். "அரங்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்."

"சார், அந்த ஏழாவது வரியை மட்டும் எடுத்துட்டா போதும்னு அப்பா சொல்றாரு."

"அவர் ஜீவனில் இருக்கிறாரா?"

"இல்லைன்னுதானே சார் வந்திருக்கோம்."

"நோயாளியாகப் பதிவில் உள்ளவர் மட்டும்தான் கோரிக்கை வைக்க முடியும் அம்மா. விதியை நான் உருவாக்கவில்லை. அதுவும் தானாகத்தான் வந்தது." பிறகு என்னிடம், "நீ கீழே போய், இந்த நோட்டைக் காட்சிக்கு வைக்க அவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி வா. முடிவு வரியும் இன்னும் எழுதவில்லை நீ. நல்ல வரியாக வேண்டும்."

கையெழுத்துப் படிவத்தோடும் மடிக்கணினியோடும் கீழே போனேன். அரங்கத் திரையில் ஜீவனைத் திறந்து காட்டுவதற்காக அன்று ஒரு நாள் மட்டும் எனக்கு முழு அனுமதி தரப்பட்டிருந்தது. மாடிப்படியில்தான் போனேன், லிஃப்ட் மறுபடி எப்போது மனம் மாறும் என்று சொல்ல முடியாது.

பெரியவர் கண்ணை மூடியிருந்தார். உதடு வெடித்திருந்தது. நெற்றி நெருப்பாகக் கொதித்தது என்பதைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லலாம். ஆளில்லாத கட்டிலுக்கு சலைன் ஏற்ற ஜீவன் ஒத்துக்கொள்ளாததால், காலி பாட்டில் மட்டும் கம்பியில் தொங்கியது. என் காலடி கேட்டுக் கண் திறந்தார்.

"கம்ப்யூட்டர் தம்பியா?"

"ஆமாங்க. ஒரு கையெழுத்து."

படிவத்தைப் படித்துப் பார்த்தார். சிரிக்க முயன்று, விலாவைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். "நோட்டு மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயா, நானுமா?"

"நோட்டு மட்டுந்தாங்க."

"சரி, பிழைச்சேன்." கையெழுத்துப் போட்டார். கோடு படிவத்தைத் தாண்டி ஓடியது. "ஏழாவது வரியைப் படிச்சியாப்பா?"

"படிச்சேங்க."

"அது எதுக்குன்னா, அப்ப எங்க கிடங்குல ஒருத்தன் சொல்லாம கொள்ளாம லீவு போட்டுடுவான். அவன் டீ மேசையில ஆறிக்கிட்டே கிடக்கும். பார்க்கவே கஷ்டமா இருக்கும். ரெண்டு நாள் வாங்கலைன்னா ஆள் இல்லை, ஊத்தாதேன்னு போட்டேன். பதினாறு பேர்தானே? தலையைத் தூக்கிப் பார்த்தா யாரு இருக்கா, யாரு இல்லைன்னு தெரிஞ்சிடும். தப்பா வந்தா, 'யோவ், நான் இங்கதான்யா இருக்கேன்'ம்பான். சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடுத்துடுவோம்." மூச்சு வாங்கினார். "தலையைத் தூக்கிப் பார்க்கணும்னு ஒரு வரி எழுதியிருக்கணும். யாராச்சும் பார்ப்பாங்கன்னு நினைச்சு விட்டுட்டேன்."

மகள் ஓடிவந்தார். "அப்பா, பேசாதீங்க." என்னைப் பார்த்தார். மடிக்கணினியைப் பார்த்தார். மணி பத்து ஐம்பது. கூடத்தின் மறுகோடியில் தியேட்டர் கதவுக்கு வெளியே அறுவை டாக்டர், கழுவிய கைகளைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கட்டிலின் விளிம்பில் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன். நான்கு லட்சம் வரிகளுக்கு அடியில் இறங்கினேன். இருந்தது. பத்தொன்பது வருடமாகக் கை படாத ஏழாவது வரி. அதன் மேல் வெளிச்சப்பட்டை நின்று துடித்தது. அழிப்பதற்கு ஒரே ஒரு பொத்தான். அழித்தால் என்ன நிற்கும், என்ன நகரும் என்று யாருக்கும் தெரியாது. பிரசவ வார்டாக இருக்கலாம். லிஃப்டாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இதுவரை யாரும் பார்த்ததில்லை.

செல்பேசி அடித்தது. தலைவர். பின்னணியில் வரவேற்புரைக்கான கைதட்டல். "என்னப்பா, முடிவு வரி?"

எழுதி வைத்திருந்ததை வாசித்தேன்: "இயற்கை யாரையும் கொல்வதில்லை, தேர்ந்தெடுக்க மட்டுமே செய்கிறது."

"பிரமாதம்" என்று வைத்துவிட்டார்.

உண்மையில் பிரமாதமான வரிதான். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் அதில் விட்டுப்போயிருக்கிறது. கடலடியில் முதல் உயிர் துடித்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டபோது, நரம்பைச் சரிசெய்யச் சம்பளம் வாங்கிக்கொண்டு யாரும் நாற்காலியில் சாய்ந்திருக்கவில்லை. அதனால் இயற்கை மேல் குற்றம் சொல்ல முடிவதில்லை. எங்கள் துறையில் பதினோரு நாற்காலிகள் இருக்கின்றன. பதினோராவது என்னுடையது. அதில் ஆள் இருக்கிறான் என்று ஜீவன் தினமும் காலையில் பதிவு செய்கிறது. நான் ஒரு நாள்கூட டீ குடிக்காமல் இருந்ததில்லை.

பெரியவர் என் சட்டை நுனியைப் பிடித்தார். பிடியில் பலமில்லை.

"தம்பி, அந்த ஏழாவது வரி. நான் போட்டதுதான், என் மேல பழி இருக்கட்டும். எடுத்துடேன்."